குளிர்காலம் முடியப்போகிறது. வீட்டுத் தோட்டத்தை வசந்தத்துக்கு எப்படித் தயார் செய்வது? இப்போதே மண்ணைக் கொத்திவிடலாமா?

இரண்டாவது கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன்: கொத்தாதீர்கள். மண் பதத்துக்கு வரும்வரை மண்வெட்டி அது இருக்கும் மூலையிலேயே இருக்கட்டும்.

வெயில் கொஞ்சம் தலைகாட்டியதும் கை பரபரக்கும், எனக்கும் அப்படித்தான். ஆனால் பனி உருகிய தண்ணீர் அப்போது மண்ணுக்குள்தான் நிற்கும். மேலே காய்ந்தது போலத் தெரிந்தாலும் நாலு விரல் கீழே சொதசொதவென்று இருக்கும். அந்த நிலையில் கொத்தினால், ஏன், பாத்தியில் ஏறி நடந்தால்கூட, மண்துகள்களுக்கு நடுவே இருக்கும் காற்றிடைவெளிகள் நசுங்கிவிடும். களிமண் என்றால் கேட்கவே வேண்டாம். புரட்டிய கட்டிகள் வெயிலில் செங்கல் மாதிரி இறுகி, வேர் இறங்கத் திணறும், ஊற்றிய தண்ணீர் மேலேயே தேங்கும். பிறகு எவ்வளவு உரம் போட்டாலும் அந்தப் பருவம் முழுக்க அதோடு மல்லுக்கட்ட வேண்டியதுதான்.

பதம் பார்ப்பது எளிது. ஒரு சாண் ஆழத்திலிருந்து ஒரு கைப்பிடி மண் எடுத்து இறுக்கிப் பிடியுங்கள். விரலிடுக்கில் தண்ணீர் கசிந்தால் பேச்சே இல்லை, வீட்டுக்குள் போய்விடலாம். உருண்டையாக நின்றால் கட்டைவிரலால் லேசாக அழுத்திப் பாருங்கள். பொலபொலவென்று உதிர்ந்தால் பதம் வந்துவிட்டது. விரல் தடம் மட்டும் பதிந்து உருண்டை அப்படியே இருந்தால் இன்னும் சில நாள் பொறுக்க வேண்டும். மணற்பாங்கான மண் சீக்கிரம் வரும், களிமண் இழுத்தடிக்கும். ஒரே தோட்டத்தில்கூட வெயில் படும் சுவரோரப் பாத்தி முதலில் தயாராகிவிடும், தாழ்வான மூலை கடைசியில்தான் வரும். அதனால் தோட்டம் முழுவதற்கும் ஒரே நாளைக் குறிக்காதீர்கள்.

பதம் வந்தபின் ஆழமாகப் புரட்ட வேண்டுமா? ஏற்கெனவே பயிர் வைத்த பாத்தியானால் வேண்டாம் என்பதே என் கட்சி. மண்புழுக்கள் போட்டு வைத்த வழிகள் அதில் கலைந்துவிடும். அடியில் உறங்கும் களைவிதைகள் மேலே வந்து முளைக்கும். நன்றாக மக்கிய உரத்தை 3 முதல் 5 செ.மீ. கனத்துக்கு மேலாகப் பரப்பினால் போதும், மற்றதை மண்புழு பார்த்துக்கொள்ளும். இதுவரை எதுவும் வைக்காத இறுகிய நிலமானால் மட்டும் ஒருமுறை கொத்தி இளக்குங்கள். பச்சைச் சாணம் மட்டும் இந்தச் சமயத்தில் கூடவே கூடாது. வேரைச் சுடும், நோய்க்கிருமி பயமும் உண்டு. கீரை, கேரட் போல உண்ணும் பாகம் மண்ணைத் தொடும் பயிர்களுக்கு, மக்காத சாண எரு போட்டால் அறுவடைக்குக் குறைந்தது 120 நாள் முன்பே போட்டிருக்க வேண்டும் என்கிறது அமெரிக்க இயற்கை வேளாண் விதி.

அடுத்தது மண்ணின் சூடு. விதை பாக்கெட்டில் போட்டிருக்கும் மாதத்தை நான் பெரிதாக நம்புவதில்லை. ஒரு சாதாரண மண் தெர்மாமீட்டரை விரல் நீளத்துக்குச் செருகி, சில நாள் காலையில் பார்த்தாலே நிலவரம் தெரிந்துவிடும். 5 முதல் 7 டிகிரி செல்சியஸ் நிலைத்தால் பட்டாணி, பாலக், லெட்யூஸ் விதைக்கத் துணியலாம். பீன்ஸுக்குக் குறைந்தது 15 டிகிரி வேண்டும், வெள்ளரிக்கும் பூசணிக்கும் 18 டிகிரிக்கு மேல். குளிர்ந்த ஈரமண்ணில் போட்ட பீன்ஸ் விதை முளைக்காமல் ஊறி அழுகிவிடும். தோண்டிப் பார்த்தால் தோல் மட்டும்தான் கையில் வரும்.

மண் தயாராகும்வரை சும்மா இருக்கச் சொல்லவில்லை, வீட்டுக்குள் வேலை இருக்கிறது. பழைய விதை இன்னும் முளைக்குமா என்று பார்க்க, அதில் பத்து விதையை எடுத்து ஈரக் காகிதத்தில் சுருட்டி, ஒரு பையில் போட்டு வெதுவெதுப்பான இடத்தில் வையுங்கள். பாதிகூட முளைக்காவிட்டால் புதிது வாங்குவது நல்லது. வெங்காய விதை ஓரிரு ஆண்டிலேயே வீரியம் இழந்துவிடும், தக்காளி விதை நாலைந்து ஆண்டு தாங்கும். கடைசி உறைபனி வழக்கமாக எப்போது என்று தெரிந்துகொண்டு, அதற்கு 8 முதல் 10 வாரம் முன்பு மிளகாயும், 6 முதல் 8 வாரம் முன்பு தக்காளியும் வீட்டுக்குள் நாற்றுவிடலாம். முந்திக்கொண்டு விதைத்தால் ஜன்னலோர வெளிச்சம் போதாமல் தண்டு நூலாக நீண்டு சாயும்.

நாற்றை நேராக வெயிலில் கொண்டுபோய் நடாதீர்கள். முதலில் நிழலில் ஒரு மணி நேரம், பிறகு தினமும் கொஞ்சம் கூட்டி, ஒரு வாரம் பத்து நாளில் வெயிலுக்கும் காற்றுக்கும் பழக்குங்கள். பழக்காத இலை ஒரே நாளில் வெளுத்துவிடும்.

கவாத்துதான் அதிகம் பேர் தடுமாறும் இடம். எல்லாச் செடியையும் இப்போது வெட்டக்கூடாது. லைலாக், ஃபார்சித்தியா போன்ற பூப்புதர்கள் வசந்தத்தில் பூக்க வேண்டிய மொட்டைப் போன ஆண்டுக் கிளையிலேயே கட்டி வைத்திருக்கும். இப்போது கத்தரித்தால் பூவையே வெட்டிப் போடுகிறீர்கள் என்று அர்த்தம். அவற்றைப் பூத்து முடிந்ததும் வெட்டுங்கள். ரோஜாவை மொட்டுக்கண்கள் பருக்கத் தொடங்கும்போது வெட்டலாம். ஒரு கிளை பட்டுப்போனதா என்று சந்தேகமா? நகத்தால் பட்டையை லேசாகச் சுரண்டுங்கள். உள்ளே பச்சை தெரிந்தால் உயிர் இருக்கிறது.

காய்ந்த தண்டுகளையும் சருகையும் அவசரப்பட்டு வழித்துக் கொட்டாதீர்கள். உள்ளீடற்ற தண்டுகளுக்குள் சிறு தேனீ வகைகள் குளிர்காலத்தைக் கழிக்கும். பகல் வெப்பம் தொடர்ந்து 10 டிகிரியைத் தாண்டிய பிறகு வெட்டினாலும், ஒரு ஓரமாகக் குவித்து வைத்தால் அவை தானாக வெளியேறும்.

கருவிகளைத் துடைத்து, தீட்டி, எண்ணெய் போட்டு வையுங்கள். அவ்வளவுதான் அதில்.

கடைசியாகக் களை. பாத்தியைச் சமன்செய்து லேசாக நீர்விட்டு, இரண்டு மூன்று வாரம் எதையும் விதைக்காமல் விட்டுவிடுங்கள். மேலாக இருக்கும் களைவிதைகள் முளைத்து வரும். அவை சின்னதாக இருக்கும்போதே, வெயிலடிக்கும் ஒரு நாளாகப் பார்த்து, மண்ணின் மேல்தோலை மட்டும் களைக்கொத்தால் சுரண்டிவிட்டு, அதற்குப் பிறகு விதையுங்கள். ஆழமாகச் சுரண்டினால் அடுத்த கூட்டம் கிளம்பிவிடும்.