கடல் தண்ணி எல்லாம் ஒண்ணா?

கேள்வி: மீனுக்குத் தீனியா கடல்ல மிதக்குற குட்டியூண்டு இறால் ஜாதிப் பூச்சி சில இடத்துல மண்டிக் கிடக்குமாம், சில இடத்துல பேருக்குத்தான் இருக்குமாம். கடல் ஒரே தண்ணிதானே, அப்புறம் ஏங்க இப்படி?
- வாசகர், காவேரிப்பட்டணம்

பதில்: ஒரே தண்ணியா? உங்க ஊர்லயே தெருவுக்குத் தெரு போர் தண்ணி ருசி மாறுது, கடல் மட்டும் எப்படிங்க ஒண்ணா இருக்கும்! நீங்க கேக்குறது கோப்பிபாட், தமிழ்ல துடுப்புக்காலி, பெரும்பாலும் ஒண்ணு ரெண்டு மில்லிமீட்டர்தான். பழைய கிணத்துத் தண்ணிய கண்ணாடி டம்ளர்ல மொண்டு வெளிச்சத்துல புடிங்க, வெள்ளைப் புள்ளி ஒண்ணு வெடுக்கு வெடுக்குனு துள்ளினா, பின்னாடி ரெண்டு முட்டைப்பை தொங்கினா, அது சைக்ளாப்ஸ், கடல்ல இருக்குறதோட பங்காளி. (நரம்புச் சிலந்திங்கிற புழு நோய் இது வழியாத்தான் வந்துச்சு, அதான் தண்ணிய துணியில வடிகட்டச் சொன்னாங்க. 2000-லயே இந்தியாவுல ஒழிஞ்சிடுச்சுன்னு அறிவிச்சாச்சு, பயப்படாதீங்க.)

வங்கக் கடல்ல கங்கை, பிரம்மபுத்திரா, கோதாவரின்னு ஆறு ஆறா வந்து கொட்டுது, உங்க தென்பெண்ணையும் கடலூர் பக்கம் அங்கதான் போகுது, போற அளவுக்குத் தண்ணி இருந்தா. அதனால மேல் தண்ணியில உப்பு கம்மி, எடை லேசா இருக்குறதால மூடி போட்ட மாதிரி உக்காந்துக்கும், அடியில இருக்குற சத்து சுலபமா மேல வராது. அரபிக் கடல்ல தென்மேற்குப் பருவக்காத்து மேல் தண்ணியத் தள்ளிவிட, அடியிலேர்ந்து சத்துள்ள குளிர் தண்ணி ஏறி வரும், பாசி பெருகும், அதத் தின்னு இதுங்க பெருகும், அப்புறம் கேரளாக்காரங்களுக்கு மத்தி.

ஆனா அங்கயே சுமார் 150 மீட்டருக்குக் கீழ ஆக்சிஜன் ரொம்பக் கம்மி, பல ஜாதி அந்தப் பக்கமே போகாது. ப்ளூரோமம்மா இண்டிகான்னு ஒரு துடுப்புக்காலி பகல்ல அதுக்குள்ள போய் பதுங்கிட்டு ராத்திரி மேல வந்து மேயும், துரத்துற மீனுக்கு அங்க மூச்சு முட்டுமே! கில்லாடி.

சூடு மாறினாலும் ஆள் மாறும். வட அட்லாண்டிக்ல 1931-லேர்ந்து சரக்குக் கப்பல் பின்னாடி ஒரு பெட்டியக் கட்டி இழுத்து பட்டுத்துணியில வடிகட்டிப் பாக்குறாங்க, நம்ம பாட்டி கிணத்துத் தண்ணிய வடிகட்டுன கதைதான். இங்கிலாந்துக்குக் கிழக்க இருக்குற வடகடல் சூடாக ஆக, கலானஸ் ஃபின்மார்க்கிகஸ்ங்கிற குளிர் தண்ணித் துடுப்புக்காலி வடக்க நகர, சூடு தாங்குற ஹெல்கோலாண்டிகஸ் வந்து உக்காந்துச்சு. ரெண்டும் பாக்க ஒண்ணுபோலத்தான், ஆனா முதல் ஆளு வசந்தத்துல பெருகும், ரெண்டாவது கோடை கழிஞ்சு. காட் மீன் குஞ்சுக்குப் பசிக்கிறது வசந்தத்துல.