பெயிண்டில் கீறலா, ஃபிரேமில் விரிசலா?

கேள்வி: சாட்ஸ்வொர்த்தில் வசிக்கிறேன். சித்தப்பா தந்த பழைய ஸ்டீல் சைக்கிளை ஞாயிற்றுக்கிழமைகளில் டர்பன் கடற்கரையோரம் ஓட்டுகிறேன். ஹேண்டில்பாருக்குக் கீழே குழாய்கள் சேரும் இடத்தில் பெயிண்டில் மெல்லிய கோடு தெரிகிறது. தொடர்ந்து ஓட்டலாமா?

பதில்: அந்தக் கோட்டின் காரணம் தெரியும்வரை ஓட்டாதீர்கள். முன்சக்கரம் குழியில் இறங்கும்போதும் பிரேக் பிடிக்கும்போதும் எழும் விசை ஃபோர்க் வழியாக அந்த மூட்டுக்குத்தான் வந்து சேர்கிறது. அது விட்டுப்போனால் கை ஊன்றக்கூட நேரம் கிடைக்காது.

முதலில், பெடல் நோக்கிச் சாய்ந்திறங்கும் குழாயின் அடிப்பக்கத்தை மூட்டின் அருகே விரலால் தடவிப் பாருங்கள். புடைப்போ மடிப்போ தட்டுப்பட்டால், சைக்கிள் எப்போதோ எதன்மீதோ நேராக மோதியிருக்கிறது என்று கொள்ளலாம். அந்த ஃபிரேமை அத்துடன் ஒதுக்கிவிடுவதே என் ஆலோசனை.

குழாய் வழுவழுப்பாக இருந்தால், கோடு உள்ள இடத்தில் மட்டும் பெயிண்டை உப்புத்தாளால் தேய்த்தெடுத்து, மண்ணெண்ணெய் (இங்குள்ள கடைகளில் பாரஃபின் என்று கேளுங்கள்) தடவிச் சிறிது நேரம் ஊறவிட்டு, துணியால் நன்கு துடைத்த பின் சாக்பீஸ் பொடியைப் பூசுங்கள். உலோகத்தில் விரிசல் இருந்தால், உள்ளே புகுந்த எண்ணெய் கசிந்து வெள்ளைப் பொடியில் மயிரிழைபோல ஓர் ஈரக்கோடு தோன்றும். தோன்றாவிட்டால் கீறல் பெரும்பாலும் பெயிண்டோடு நின்றிருக்கிறது. இருந்தாலும் ஒரு மெக்கானிக்கிடம் காட்டிவிடுவது நல்லது. விரிசல் உறுதியானால், ஸ்டீல் ஃபிரேமைத் தேர்ந்த கைவினைஞர் பற்றவைத்துச் சீர்செய்ய முடியும், ஆனால் சாதாரண சைக்கிளுக்கு அந்தச் செலவு கட்டுப்படியாகாது. அலுமினியம் என்றால் அதையும் நினைக்க வேண்டாம். பற்றவைத்த பின் முறையாகச் சூடேற்றிப் பதப்படுத்தாமல் அதன் வலிமை திரும்பாது.

கடற்காற்றில் ஓடும் ஸ்டீல் சைக்கிளில் நான் இன்னும் அதிகமாக அஞ்சுவது உள்ளிருந்து அரிக்கும் துருவைத்தான். சீட் கம்பியை உருவி, சைக்கிளைத் தலைகீழாக்கித் தட்டுங்கள்: கொஞ்சம் பழுப்புத் தூள் விழுந்தால் கவலையில்லை, தகடு தகடாக உதிர்ந்தால் குழாயின் சுவர் மெலிந்திருக்கிறது. பெடல் அச்சைச் சுற்றியுள்ள பகுதியில்தான் நீர் தேங்கும் என்பதால், அங்கே பெயிண்ட் கொப்புளித்திருந்தால் திருப்புளியின் முனையால் அழுத்திப் பாருங்கள். அமுங்கினால் ஃபிரேம் முடிந்தது.

எல்லாம் தேறினால், தேய்த்த இடத்தில் அன்றே நிறமற்ற நகப்பூச்சைத் தடவிவிடுங்கள். துரு பிடிக்காது என்பதோடு, கோடு மறுபடி தோன்றினால் கண்ணுக்கும் தெரியும்.