நூலகக் கதை நேரத்துக்கு விலங்குப் படப் புத்தகங்களை எப்படித் தேர்ந்தெடுப்பது?

கேள்வியைப் படித்தால் நீங்கள் புதிதாக ஆரம்பிக்கிறீர்கள், கையில் கொஞ்சம் பணம் சேர்ந்திருக்கிறது, அட்டைப் படத்தைப் பார்த்து மொத்தமாக வாங்கிவிடலாம் என்று இருக்கிறீர்கள் எனத் தோன்றுகிறது. நானும் அப்படித்தான் வாங்கினேன். கோத்தகிரிப் பக்கம் ஒரு சின்ன நூலகத்தில் ஆறு வருடமாக ஞாயிற்றுக்கிழமைகளில் கதை வாசிக்கிறேன். சம்பளம் கிடையாது, ஆசைக்குப் போவதுதான்.

முதல் தடவை வாங்கிய பன்னிரண்டு புத்தகங்களில் ஒன்று கரடிக் கதை. பழுப்பு நிறக் கரடி, பனி, ஆற்றில் மீன் பிடிக்கும், கடைசியில் ஒரு குழந்தையைக் கட்டிக்கொண்டு தூங்கும். படங்கள் அவ்வளவு அழகு. அன்றைக்கு நல்ல மழை. பதினெட்டுப் பிள்ளைகள் ஸ்வெட்டரும் குல்லாவுமாக நெருக்கி உட்கார்ந்திருந்தார்கள். இரண்டாவது பக்கத்திலேயே முன்னால் இருந்த பையன், "டீச்சர், இது கரடி இல்ல" என்றான். நம் கரடி கறுப்பு, நெஞ்சில் வெள்ளையாக வளைவு இருக்கும், மீனா பிடிக்கும், புற்றைத்தானே தோண்டும் என்று ஆளுக்கொன்று சொன்னார்கள். கோயிலுக்குள் புகுந்து விளக்கில் இருந்த எண்ணெயைக் குடித்துவிட்டுப் போன கதையும் வந்தது. எனக்கு ஒரே சந்தோஷம். அந்த வேகத்தில் கடைசிப் பக்கத்துக்குப் போய், "எல்லாரும் பக்கத்தில் இருக்கிறவங்களைக் கரடி மாதிரி கட்டிப்பிடிங்க" என்றேன்.

ஆறு வயதுப் பெண் ஒருத்தி எழுந்து, செருப்பு விடும் இடத்தில் போய் நின்றுகொண்டாள். கூப்பிட்டேன், வரவில்லை. அதற்கு முந்தின மாதம் கொழுந்து பறிக்கப் போன அவளுடைய அப்பாயியைக் கரடி அடித்திருக்கிறது, முகத்தில் தையல். லயனில், அதாவது தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளில், எல்லோருக்கும் தெரியும். நான்தான் விசாரிக்கவில்லை.

அதன்பின் நாலு மாதம் கரடிப் புத்தகத்தை வெளியிலேயே எடுக்கவில்லை. அதுவும் தப்புதான், இப்போது புரிகிறது. ஒருநாள் பழைய பத்திரிகையில் வந்த ஒரு போட்டோவை அட்டையில் ஒட்டிக் கொண்டுபோனேன். தாய்க் கரடி முதுகில் இரண்டு குட்டிகளைச் சுமந்துகொண்டு நடக்கிறது. நம் காட்டுக் கரடி அப்படித்தான் குட்டிகளைத் தூக்கிப் போகும். கதை எதுவும் சொல்லவில்லை, சும்மா வைத்தேன். அந்தப் பெண் தானாக வந்து ரொம்ப நேரம் பார்த்தாள். "அப்பாயி பார்த்த கரடியும் குட்டி வச்சிருந்துச்சாம்" என்றாள். அப்புறம் என் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டாள்.

அதனால் நான் சொல்வது இதுதான். வாங்குவதற்கு முன்னால் உங்கள் பிள்ளைகள் எந்த விலங்கை நேரில் பார்த்திருக்கிறார்கள், அதனால் வீட்டில் யாருக்காவது என்ன நடந்தது என்று கேட்டுக்கொள்ளுங்கள். பலாப்பழக் காலத்தில் குஞ்சப்பனைப் பக்கம் யானை வரும். அங்கிருந்து வரும் பிள்ளைக்கு யானை என்றால் வேறு. படத்தில் இருப்பது எந்த ஊர் விலங்கு என்றும் பாருங்கள். வெளியூர்க் கரடி இருந்தால் இருக்கட்டும், ஆனால் அது வெளியூர்க் கரடி என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

மற்றதெல்லாம் பழகினால் வந்துவிடும். பின்வரிசைக்கும் தெரிகிற அளவு பெரிய படம், பக்கத்துக்கு இரண்டு மூன்று வரி. வீட்டில் ஒரு தடவை சத்தமாக வாசித்துப் பாருங்கள். மொழிபெயர்ப்பு நாக்கில் சிக்கினால் வேண்டாம். பணம் குறைவென்றால் பிரதம் புக்ஸின் ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ்க் கதைகளை இலவசமாக இறக்கி அச்செடுக்கலாம், அதற்கு அனுமதி உண்டு.

குழந்தைகளுக்குக் கற்பனையே கூடாதா என்று யாராவது கேட்பார்கள். நான் அப்படிச் சொல்லவில்லை. கரடி சட்டை போட்டுக்கொண்டு பள்ளிக்கூடம் போகட்டும், பிள்ளைகள் அதை ரசிப்பார்கள். நான் பயமுறுத்தும் கதை சொல்வதாக ஒரு பெற்றோர் என்னிடமே வந்து சத்தம் போட்டார். பயம் அந்தப் பிள்ளைகளிடம் ஏற்கெனவே இருக்கிறது. அதைப் பேச ஓர் இடம் வேண்டாமா?

இதையும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. கரடி ஏன் ஊருக்குள் வருகிறது? தங்கும் விடுதிகள் மிச்சச் சோற்றையும் கேக்கையும் ராத்திரியில் ஓடையோரம் கொட்டுகின்றன. 2024 மே மாதத்திலிருந்து நீலகிரிக்குள் வரும் வெளியூர் வண்டிகளுக்கு இ-பாஸ் இருக்கிறது, குப்பைக்கு என்ன பாஸ்? விடிந்ததும் அந்தப் பாதையில் வேலைக்கு நடப்பது விடுதிக்காரர் இல்லை. கடைசியில் கூண்டு வைப்பதும் கரடிக்குத்தான். எத்தனை மனு கொடுத்திருப்போம்!

சரி, உங்களிடமும் ஒரு கேள்வி. எங்கள் பிள்ளைகள் காட்டெருமை என்று சொல்கிற காட்டுமாடு தினமும் தேயிலைக்குள் மேய்கிறது. மூன்று வருடமாக அதைப் பற்றி ஒரு நல்ல தமிழ்ப் படப் புத்தகம் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள், எனக்குக் கிடைக்கவில்லை. எங்கேயாவது பார்த்தால் பெயரைச் சொல்லுங்கள்.