நிறுவனத்தின் சமூகப் பொறுப்புப் பணிகளைப் பற்றி ஊழியர்கள் கொள்ளும் எண்ணம், அவர்கள் வேலையில் நீடிப்பதைப் பாதிக்கிறதா?

பாதிக்கிறது. ஆனால் நிறுவனம் எவ்வளவு செலவிட்டது என்பதைவிட, எதற்காகச் செலவிட்டது என்று ஊழியர் நம்புகிறார் என்பதே பெரிதும் விளைவைத் தீர்மானிக்கிறது என்பது மனிதவளத் துறையில் பணியாற்றும் என் கருத்து.

இதை விளக்கும்போது ஆய்வாளர்கள் பெரும்பாலும் நாடுவது, சமூக உளவியலாளர்களான ஹென்றி தாஜ்ஃபெல், ஜான் டர்னர் ஆகிய இருவரும் 1979இல் முன்வைத்த சமூக அடையாளக் கோட்பாட்டை. ஒருவர் தம்மைப் பற்றிக் கொள்ளும் மதிப்பில் ஒரு பகுதி, தாம் சார்ந்த குழுவின் மதிப்பிலிருந்து வருகிறது என்பது அதன் சாரம். எங்கே வேலை பார்க்கிறீர்கள் என்று கேட்டால் பெருமையோடு பெயரைச் சொல்ல முடிகிற ஊழியர், சற்றே கூடுதலான சம்பளத்துக்காக உடனே கிளம்பிவிடத் தயங்குவார்.

அதே ஊழியரின் மிகைநேர ஊதியம் மாதக்கணக்கில் நிலுவையில் இருக்கும்போது, மேலதிகாரிகள் மரக்கன்று நடும் படம் அனைவருக்கும் மின்னஞ்சலில் வந்தால், அவர் அதை விளம்பரமாகவே எடுத்துக்கொள்வார். ஊருக்கு மட்டும் உபதேசம் செய்யும் நிறுவனத்தின் மீது ஏற்படும் கசப்பு, சமூகப் பணி எதையும் செய்யாத நிறுவனத்தின் மீதுகூட ஏற்படுவதில்லை. ஆகவே, நியாயமான ஊதியம், பாதுகாப்பு, பாகுபாடற்ற பதவி உயர்வு ஆகியவற்றை ஊழியர்கள் சமூகப் பொறுப்பின் முதல் படியாகவே கருதுகிறார்கள் என்பதை நிர்வாகம் மறக்கக் கூடாது.

ஆய்வு முடிவுகளையும் சற்று எச்சரிக்கையோடு படிக்க வேண்டும். பல ஆய்வுகள் வினாத்தாள் மூலம் விலகும் எண்ணத்தை மட்டுமே அளக்கின்றன. எண்ணம் கொண்டவர்கள் எல்லோரும் விலகிவிடுவதில்லை. போடே, சிங், ரோகன் ஆகியோர் ஓர் ஆலோசனை நிறுவனத்தில் நடத்தி 2015இல் வெளியிட்ட ஆய்வு, உண்மையில் யார் நீடித்தார்கள் என்பதையே பார்த்தது; சமூகத் திட்டங்களில் நேரடியாகப் பங்கேற்றவர்கள் அதிகமாக நீடித்தார்கள் என்று கண்டது. இயல்பிலேயே பற்றுள்ளவர்கள்தாம் இத்தகைய பணிக்கு முன்வருகிறார்களோ என்ற ஐயம் இவ்வகை ஆய்வுகள் அனைத்துக்கும் உண்டு.

நன்கொடைக் காசோலையைவிட நேரடிப் பங்கேற்புக்கே வலிமை அதிகம் என்பதில் எனக்கு உடன்பாடுதான். ஆனால் விடுமுறை நாளில் கட்டாயமாக வரவழைத்துச் செய்யவைக்கும் தொண்டு, ஊழியரின் கணக்கில் சம்பளமில்லாத கூடுதல் வேலையாகவே சேரும்.