கேள்வி – பதில்: உங்கள் நகர் யார் பக்கம்?

*ஓட்டு ரகசியம் என்கிறார்கள். ஆனால் “உங்க நகர்ல எங்களுக்கு விழல” என்று கட்சிக்காரர் கணக்கோடு சொல்கிறாரே, எப்படி? (மேடவாக்கம் வாசகர்)*

தனி ஆள் போட்ட ஓட்டுதான் ரகசியம். ஒரு பூத்தில் யாருக்கு எத்தனை என்பது ரகசியமில்லை. இயந்திரங்களைப் பூத் வாரியாக எண்ணுவதால் அந்த விவரம் இறுதி முடிவுத் தாளான படிவம் 20-ல் ஏறிவிடுகிறது. தலைமைத் தேர்தல் அதிகாரியின் இணையதளத்தில் இதை யாரும் எடுத்துப் பார்க்கலாம்.

முதலில் பூத் சிலிப்பில் உங்கள் பாகம் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். வாக்காளர் பட்டியலில் அந்தப் பாகத்தின் முதல் பக்கத்தைப் பார்த்தால் அதில் எந்தெந்தத் தெருக்கள் அடங்கும் என்று தெரியும். பிறகு படிவம் 20-ல் அந்த எண்ணுள்ள வரிசையைப் படியுங்கள். மக்களவைத் தேர்தல் என்றால் சட்டமன்றப் பகுதி வாரியாகத் தேட வேண்டும். மேடவாக்கம் இருக்கும் சோழிங்கநல்லூர் தென்சென்னையில் வரும். பக்கத்துத் தாம்பரமோ ஸ்ரீபெரும்புதூரில்.

பலர் சறுக்குவது இரண்டு தேர்தலை ஒப்பிடும்போதுதான். 2021-ல் கொரோனாவுக்காக ஒரு பூத்துக்கு 1,000 பேர் என்று வரம்பு வைத்ததால் துணைச் சாவடிகள் பெருகின. அதனால் ஒரே பாகம் இரண்டு வரிசையாகப் பிரிந்திருக்கும். இரண்டையும் கூட்டிப் பாருங்கள். கூட்டணியையும் மறக்கக் கூடாது. தென்சென்னையில் 2019-ல் பா.ஜ.க. வேட்பாளரே இல்லை, கூட்டணியில் அ.தி.மு.க. நின்றது. 2024-ல் இரண்டும் தனித்தனியாக நின்றன. இதைப் பார்க்காமல் “எங்கள் தெருவில் தாமரை திடீரென்று வளர்ந்துவிட்டது” என்று முடிவுகட்டுவது அவசரம். தபால் ஓட்டு பூத் கணக்கில் சேராது, கடைசியில் மொத்தமாகத்தான் வரும்.

*புறநகரில் படித்தவர்கள் சோம்பேறிகள், ஓட்டுப் போட வருவதில்லை என்பது சரியா? (சேலையூர் வாசகர்)*

பாதிதான் சரி. 2024 மக்களவைத் தேர்தலில் தருமபுரியில் 81.20 சதவீதம், தென்சென்னையில் 54.17 சதவீதம். வாக்குப்பதிவு வெள்ளிக்கிழமை வந்ததால் மூன்று நாள் விடுமுறை என்று ஊருக்குக் கிளம்பியவர்களும் உண்டு. ஆனால் சதவீதம் என்பது போட்ட ஓட்டைப் பட்டியலில் உள்ள பெயர்களால் வகுப்பது. வாடகை வீடுகள் நிறைந்த பகுதியில் காலிசெய்து போனவர் பெயர் பட்டியலிலேயே தங்கிவிடும். ஒரு கணக்குக்கு, 1,200 பெயரில் 300 பேர் ஆளே இல்லை என்று வையுங்கள். 600 ஓட்டு விழுந்தால் அறிவிப்பில் 50 சதவீதம். இருக்கிற 900 பேரை வைத்துப் பார்த்தால் ஏறக்குறைய 67. ஆகவே வாக்காளர் பட்டியலின் தீவிரத் திருத்தத்தில் இப்படிப்பட்ட பெயர்களைக் களைந்த பிறகு சதவீதம் ஏறினால், அதை மட்டும் வைத்து மக்களுக்கு ஆர்வம் வந்துவிட்டது என்று மெச்சிக்கொள்ள வேண்டாம்.

*2024 மக்களவைத் தேர்தலில் தமிழ்நாட்டு வாக்குப்பதிவு மாலை 72.09 சதவீதம் என்றார்கள், பிறகு 69.72 ஆனது. ஓட்டு எங்கே போனது? (குரோம்பேட்டை வாசகர்)*

எங்கும் போகவில்லை. முதலில் வந்தது சாவடிகளிலிருந்து அவசரமாகத் திரட்டிய உத்தேசக் கணக்கு. மாலை 6 மணிக்கு வரிசையில் நிற்பவர்களுக்கு டோக்கன் தருவார்கள், கடைசி ஆளிலிருந்து முன்னோக்கி, புதிதாக யாரும் பின்னால் சேராமலிருக்க. அவர்கள் போட்டு முடிக்கும்வரை எண்ணிக்கை நகர்ந்துகொண்டேதான் இருக்கும். நம்பத் தக்கது படிவம் 17சி, அதாவது அந்தச் சாவடியில் பதிவான ஓட்டுகளின் கணக்கு. வேட்பாளர்களின் முகவர்களுக்கு அதன் நகல் தரப்படும். பூத் ஏஜென்டாக உட்காருபவர் அதை வாங்காமல் எழுந்து வரக் கூடாது.

*சொந்த ஊரில் பெயர் இருக்கிறது. பெருங்களத்தூரில் வீடு வாங்கிவிட்டேன். படிவம் 6-ஆ, 8-ஆ?*

8 தான், ‘குடியிருப்பு மாற்றம்’ என்பதைத் தேர்ந்தெடுங்கள். தொகுதி மாறினாலும் அதே படிவம். படிவம் 6 புதிதாகச் சேருபவருக்கு; வேறெங்கும் பெயர் இல்லை என்று அதில் உறுதிமொழி தருகிறீர்கள். பொய்யானால் ஓராண்டு வரை சிறை. திருத்தத்தில் பெயரே நீக்கப்பட்டிருந்தால் மட்டும் 6. தேர்தல் அறிவித்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விடாதீர்கள்: வேட்புமனு கடைசி நாளுக்குச் சுமார் பத்து நாள் முன்பே விண்ணப்பம் போய்ச் சேர்ந்தாக வேண்டும்.

*நோட்டா முதலிடம் வந்தால் மறுதேர்தலா?*

மக்களவை, சட்டமன்றத் தேர்தல்களில் இல்லை. அடுத்து அதிக ஓட்டு வாங்கியவரே வென்றவர். டெபாசிட்டைத் திரும்பப் பெற வாங்க வேண்டிய ஆறில் ஒரு பங்கு ஓட்டுக் கணக்கிலும் நோட்டா சேராது.