பழைய ஸ்போர்ட்ஸ் காருக்கு நியாயமான விலை எது? வாசகர் கேள்விகளும் பதில்களும்

இரண்டு பேர் அமரும் ஸ்போர்ட்ஸ் கார் ஒன்று விலைக்கு வருகிறது. எவ்வளவு கொடுக்கலாம்?
- வாசகர், வள்ளியூர்

எந்த நிறுவனம், எந்த ஆண்டு, எத்தனை கிலோமீட்டர், எத்தனையாவது உரிமையாளர் என்று ஒரு விவரமும் எழுதாமல் விலை கேட்டால் யாராலும் சொல்ல முடியாது. ஆர்.சி.யையும் சர்வீஸ் ரசீதுகளையும் பார்த்துவிட்டு மறுபடியும் எழுதுங்கள். அதுவரை முன்பணம் கொடுக்காதீர்கள்.

காப்பீட்டில் 19 லட்சம் என்று மதிப்பிட்டிருக்கிறார்கள். அதையே விலையாகக் கொள்ளலாமா?
- வாசகர், தென்காசி

கூடாது. ஐ.டி.வி. எனப்படும் அந்தக் காப்பீட்டு மதிப்பு, நிறுவனத்தின் பட்டியல் விலையிலிருந்து வண்டியின் வயதை மட்டும் வைத்து அட்டவணைப்படி கழித்து வருவது. ஐந்தாம் ஆண்டில் பாதியாகிவிடும், அதற்கு மேல் இரு தரப்பும் பேசி வைத்துக்கொள்ளும் தொகை. கிளட்ச் தேய்ந்திருப்பது அந்தக் கணக்கில் வராது.

ஸ்கோடா ஆக்டேவியா ஆர்.எஸ். 245. இந்தியாவுக்கு 200 மட்டுமே வந்தன என்று சொல்லி, 2020இல் வாங்கிய விலையையே விற்பவர் கேட்கிறார்.
- வாசகர், பாளையங்கோட்டை

200 என்பது உண்மை. அன்றைய விலை ஏறக்குறைய 36 லட்சம். அரிய வண்டி என்பதற்காகச் சற்றுக் கூடுதலாகக் கொடுக்கலாம், ஆனால் வாங்கிய விலையைக் கொடுக்க வேண்டியதில்லை. கியர்பாக்ஸ் ஆயில் மாற்றியதற்கு ரசீது இல்லையென்றால் அந்தச் செலவையும், டயர், பிரேக் டிஸ்க் செலவையும் கழித்துவிட்டுப் பேசுங்கள். பெரிய பழுது வந்தால் வண்டியை லாரியில் ஏற்றி வெளியூருக்குக் கொண்டுபோக வேண்டியிருக்கலாம். கேட்கும் தொகையோடு முதல் ஆண்டுச் செலவையும் கூட்டினால் வருவதே ஒரு வண்டியின் விலை என்று பலமுறை எழுதியிருக்கிறேன்.

பழைய போர்ஷே பாக்ஸ்டர் சந்தை விலையில் பாதிக்கு வருகிறது. 2024 தொடக்கத்தில் கைமாறிய வண்டி. உள்ளே கார்ப்பெட் புதிது. வாங்கலாமா?
- வாசகர், ஸ்ரீவைகுண்டம்

ஸ்ரீவைகுண்டத்தில் இருந்துகொண்டு இதைக் கேட்கிறீர்களே என்பதுதான் என் வருத்தம். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டி, தாமிரபரணி ஊருக்குள் புகுந்ததை நீங்கள் கண்ணால் பார்த்திருப்பீர்கள். அந்த வெள்ளத்தில் நின்ற வண்டிகள் கழுவித் துடைக்கப்பட்டு இன்றும் விலைக்கு வந்துகொண்டிருக்கின்றன. ஸ்போர்ட்ஸ் கார் தரையை ஒட்டி நிற்பது. முழங்கால் அளவுத் தண்ணீரே இருக்கையை நனைத்துவிடும். பழைய பாக்ஸ்டரிலோ, சாவியை அடையாளம் கண்டு வண்டியைக் கிளம்பவிடும் இம்மொபிலைசர் பெட்டி இருக்கைக்கு அடியிலேயே இருக்கிறது. அது கெட்டால் சாவியைத் திருப்பினாலும் வண்டி கிளம்பாது.

என்னிடம் ஒரு இளைஞர் இப்படித்தான் ஒரு வண்டியை வாங்கிய பிறகு கொண்டுவந்தார். சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுத்தேன். வெளியே தெரியும் பகுதி பளிச்சென்று இருக்க, சுருளுக்குள் கிடந்த கடைசி ஒரு சாண் மட்டும் வண்டல் நிறத்தில் விறைத்திருந்தது. இருக்கையைத் தாங்கும் போல்ட்டுகளின் தலையில் துருவும், அவற்றைக் கழற்றி மாட்டிய ஸ்பேனர் தடமும் இருந்தன. விற்றவர் எல்லாம் தெரிந்தே விற்றிருக்கிறார். அந்தப் பையனின் நான்கு ஆண்டுச் சேமிப்பு போனதை நினைத்தால் இன்றும் மனம் ஆறவில்லை. பாதி விலை என்றால் பாதி வண்டிதான் மிஞ்சியிருக்கிறது என்று கொள்ளுங்கள். பெல்ட்டை இழுத்துப் பார்க்காமல் முன்பணம் கொடுக்காதீர்கள்.

டில்லி வண்டி, 13 ஆண்டுப் பெட்ரோல் கார், மிக மலிவு.
- வாசகர், சங்கரன்கோவில்

15 ஆண்டு கடந்த பெட்ரோல் வண்டிகளுக்கு அங்கே பல ஆண்டுகளாகக் கெடுபிடி இருந்துவந்ததும், இந்த வண்டி அந்த வயதை நெருங்குவதும்தான் மலிவுக்குக் காரணம். என்.ஓ.சி. (தடையில்லாச் சான்று), மறுபதிவு, தமிழ்நாட்டு வரி, கொண்டுவரும் செலவு நான்கையும் கூட்டிவிட்டு உள்ளூர் விலையோடு ஒப்பிடுங்கள்.

12 ஆண்டுகளில் 21,000 கிலோமீட்டர்தான் ஓடியிருக்கிறது.
- வாசகர், திசையன்விளை

டயரில் உள்ள நான்கு இலக்கங்களைப் பாருங்கள். முதல் இரண்டு டயர் தயாரான வாரம், அடுத்த இரண்டு ஆண்டு. ஓடாவிட்டாலும் வயதானால் டயர் மாற்றுவதுண்டு, அதனால் டயரை மட்டும் வைத்து முடிவு செய்யாமல் சர்வீஸ் ரசீதுகளில் உள்ள கிலோமீட்டரோடும் மீட்டரை ஒப்பிடுங்கள். மீட்டர் உண்மையாகவே இருந்தாலும், கடற்காற்றில் ஓடாமல் நின்ற வண்டியில் ரப்பர் குழாய்களில் வெடிப்பு விட்டிருக்கும், அடிப்பாகம் துருப்பிடித்திருக்கும். அதற்கும் கழியுங்கள்.

நான் பார்க்க வருமுன் இன்ஜினை ஓடவிட்டு வைப்பதாக விற்பவர் சொல்கிறார்.
- வாசகர், அம்பாசமுத்திரம்

வேண்டாம் என்று சொல்லுங்கள். சூடான இன்ஜினில் சில கோளாறுகளின் சத்தம் மறைந்துவிடும். பானட்டைத் தொட்டுப் பார்த்துச் சூடாக இருந்தால், முழுக்க ஆறவிட்டு, நீங்களே சாவியைத் திருப்பி, முதல் அரை நிமிடச் சத்தத்தைக் கேளுங்கள். இன்ஜினுக்குள் இருக்கும் டைமிங் செயின் கரகரத்தால் அன்றைக்கு விலை பேசாமல் திரும்பிவிடுங்கள்.