நண்பர்கள் எட்டுப் பேர் வாராவாரம் ஆன்லைனில் கார் ரேஸ் ஓட்ட என்னென்ன ஏற்பாடு செய்ய வேண்டும்?

கேள்வியில் கொடுத்திருக்கும் நிலவரம் இதுதான்: எட்டுப் பேரிடமும் பிசி இருக்கிறது. மூன்று பேரிடம் லாஜிடெக் ஸ்டீயரிங், மற்றவர்களிடம் கன்ட்ரோலர். ஒருவர் துபாயில், ஒருவர் சிங்கப்பூரில், மீதிப் பேர் தமிழ்நாட்டில். லீக், புள்ளிப் பட்டியல் எல்லாம் வேண்டாம், சனிக்கிழமை ராத்திரி கலகலப்பாக ஓட்டினால் போதும்.

இந்த மாதிரி குழுக்கள் பெரும்பாலும் இரண்டு இடங்களில்தான் படுத்துவிடுகின்றன. ஓட்டலாம் என்று உட்கார்ந்த பிறகு யாரோ இருவரால் சர்வருக்குள் நுழைய முடியாமல் முக்கால் மணி நேரம் கரைவது ஒன்று. முதல் வளைவிலேயே ஐந்தாறு கார் மோதி, பாதிப் பேருக்கு ரேஸ் அங்கேயே முடிந்துபோவது இன்னொன்று. மழை, பிட் ஸ்டாப், அசல் போலவே டயர் தேய்மானம் இதெல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம். முதலில் இந்த இரண்டையும் அடைத்துவிடுங்கள்.

கேம் என்று பார்த்தால் உங்களுக்கு 2014-ல் வந்த அசெட்டோ கோர்சாவே சரி. பழைய கிராபிக்ஸ் கார்டிலும் ஓடும், சொந்தமாக சர்வர் வைக்கலாம், கன்ட்ரோலர்காரர்களும் ஓட்டலாம். ஐரேசிங் என்ற கேமில் சந்தாவும் கட்டி, பெரும்பாலான ட்ராக்குகளையும் கார்களையும் தனித்தனியாக வாங்க வேண்டும். வாரம் ஒருநாள் ஓட்டுகிற கூட்டத்துக்கு அது தேவையில்லாத செலவு. அசெட்டோ கோர்சா வாங்கும்போது எல்லோரும் ஸ்டீமில் அல்டிமேட் எடிஷனையே வாங்குங்கள், தள்ளுபடி நாளாகப் பார்த்து. ஒருவரிடம் ஒரு டிஎல்சி (தனியாக விற்கும் கூடுதல் தொகுப்பு) இல்லையென்றால் அதில் வரும் காரும் ட்ராக்கும் குழுவுக்கே இல்லை என்று ஆகிவிடும். கூடவே கன்டென்ட் மேனேஜர் என்ற லாஞ்சரை எல்லோரும் போட்டுக்கொள்ளட்டும். சர்வரில் நுழைய ஒரு இணைப்பை வாட்சப்பில் அனுப்பினால் போதும், லாபியில் (கேம் காட்டும் சர்வர் பட்டியல்) தேடிக்கொண்டிருக்க வேண்டியதில்லை.

கார் ஒன்றே ஒன்று. இதில் விட்டுக்கொடுக்காதீர்கள். ஆளாளுக்குப் பிடித்த கார் என்றால் ரேஸ் முடிந்ததும் பேச்செல்லாம் "உன் கார் வேகம்" என்பதில்தான் போய் நிற்கும். ஃபார்முலா, ஜிடி3 போன்ற அதிவேக ரேஸ் கார்களை முதல் மாதத்தில் தொடவே வேண்டாம். பேஸ் கேமிலேயே இருக்கும் அபார்த் 500-ல் தொடங்குங்கள். முன் சக்கரங்கள் இழுக்கிற வண்டி. கன்ட்ரோலரில் ஆக்சிலரேட்டரை முழுக்க அழுத்தினாலும் பின்பக்கம் சுழன்று போகாது. நான்கைந்து வாரம் போனதும் பிஎம்டபிள்யூ எம்3 இ30-க்கு மாறலாம். அது பின் சக்கரங்கள் தள்ளுகிற வண்டி, கால் பதமாக இருக்க வேண்டும்.

ட்ராக் தேர்வில் பலரும் கோட்டைவிடுவது முதல் வளைவை. மோன்சா புகழ்பெற்ற ட்ராக்தான், ஆனால் நீண்ட நேர்ச்சாலையில் முழு வேகத்தில் வந்து, குறுகலான சிகேனுக்குள் (இடமும் வலமுமாக அடுத்தடுத்து வரும் வளைவுகள்) எட்டு காரும் ஒரே நேரத்தில் நுழையப் பார்க்கும். ஸ்பாவில் முதல் வளைவே கொண்டை ஊசி, ஒரு லேப் 7 கிலோமீட்டர். ஒருமுறை சுழன்றவர் மிச்ச நேரம் முழுக்கத் தனியாகத்தான் ஓட்டிக்கொண்டிருப்பார். மாறாக முஜெல்லோவின் முதல் வளைவான சான் டொனாட்டோ அகலமானது, இரண்டு கார் பக்கத்தில் பக்கத்தில் திரும்ப இடம் உண்டு. அபார்த் போன்ற சின்ன காருக்கு மஜோனே, பிராண்ட்ஸ் ஹாட்ச் இண்டி, சில்வர்ஸ்டோன் நேஷனல் மாதிரி குட்டி ட்ராக்குகள் கச்சிதம். லேப் சின்னது என்பதால் எப்போதும் யாராவது பக்கத்தில் இருப்பார்கள், சாதாரண ரேஸில் சுவாரசியமே அதுதான். நர்பர்க்ரிங்கின் 20.8 கிலோமீட்டர் நார்ட்ஷ்லைஃபே, ரேஸ் முடிந்த பிறகு ஊர்வலமாகப் போக நல்லது. ரேஸுக்கு வேண்டாம்.

இனி சர்வர். நேரம் அதிகம் போவது இங்கேதான்.

கேமை இன்ஸ்டால் செய்த ஃபோல்டருக்குள் சர்வர் என்று ஒரு ஃபோல்டர் இருக்கும். சர்வரும், அதை அமைக்கும் சர்வர் மேனேஜரும் அதிலேயே இருக்கின்றன, தனியாக எதையும் தேட வேண்டாம். யுடிபி 9600, டிசிபி 9600, எச்டிடிபிக்கு டிசிபி 8081 ஆகிய மூன்று போர்ட்டுகளையும் (இணையத் தகவல் வந்துபோகும் எண்ணிட்ட வாசல்கள்) ரவுட்டரில் சர்வர் ஓடும் கம்ப்யூட்டருக்குத் திருப்பிவிட வேண்டும். விண்டோஸ் ஃபயர்வாலிலும் அனுமதி தர வேண்டும். 8081-ஐ மறந்துவிட்டால் சர்வர் ஓடிக்கொண்டே இருக்கும், ஆனால் நண்பர்களின் திரையில் சர்வரின் விவரமே வராது. சர்வர் வைத்திருப்பவர் தன் வெளி ஐபி (இணையத்தில் தெரியும் முகவரி எண்) வழியாக உள்ளே வர முடியவில்லை என்றால் பயப்பட வேண்டாம், பல ரவுட்டர்கள் அதற்கு இடம் தராது. அவர் 127.0.0.1 போட்டு நுழையட்டும்.

நம் ஊரில் இத்தனையும் சரியாகச் செய்தும் யாராலும் நுழைய முடியாமல் போகலாம். பல இணைய நிறுவனங்கள் பல வீடுகளுக்குச் சேர்த்து ஒரே வெளி ஐபியைத்தான் தருகின்றன, சிஜிநாட் என்பார்கள். ரவுட்டரின் அமைப்புப் பக்கத்தில் தெரியும் வான் (WAN) ஐபியையும், ஐபி காட்டும் ஏதாவது ஒரு தளத்தில் தெரியும் எண்ணையும் ஒப்பிட்டுப் பாருங்கள். இரண்டும் வேறு என்றாலோ, ரவுட்டரில் இருப்பது 100.64 முதல் 100.127 வரையிலான எண்ணில் தொடங்கினாலோ, போர்ட்டைத் திருப்புவது வீண் வேலை. அப்போது மூன்று வழி உண்டு. நிறுவனத்திடம் பணம் கட்டி நிலையான ஐபி வாங்கலாம். எல்லோரும் ரேட்மின் விபிஎன் போன்ற இலவச மென்பொருளில் ஒரே வலையமைப்புக்குள் சேரலாம். அல்லது மும்பையில் ஒரு சிறிய விபிஎஸ் (எந்நேரமும் இணையத்தில் இருக்கும் கம்ப்யூட்டர்) வாடகைக்கு எடுக்கலாம். என்னைக் கேட்டால் மூன்றாவதுதான். இந்த சர்வர் கிராபிக்ஸ் எதையும் வரைவதில்லை, 1 ஜிபி ரேம் உள்ள மலிவான லினக்ஸ் விபிஎஸ்ஸே எட்டுப் பேருக்குத் தாங்கும். மும்பை என்றால் துபாய்க்கும் தூரமில்லை, சிங்கப்பூருக்கும் பரவாயில்லை. எல்லாவற்றையும்விட, ஒருவர் வீட்டில் கரண்ட் போனால் எட்டுப் பேருக்கும் ரேஸ் நிற்காது. எந்த வழியில் போனாலும் பொது லாபியில் பதிவு செய்யும் தேர்வை அணைத்துவிட்டு, கடவுச்சொல் போடுங்கள். விபிஎன் வழியில் அதை அணைக்காவிட்டால் பதிவு தோல்வி என்று பிழை வரும். திறந்த லாபியில் விட்டால் முன்பின் தெரியாதவர் வந்து எதிர்த்திசையில் ஓட்டுவார்.

அமைப்புகளில் பலவற்றை இருந்தபடியே விடலாம். மாற்ற வேண்டியவை சில. ஏபிஎஸ், ட்ராக்‌ஷன் கன்ட்ரோலை (பிரேக்கில் சக்கரம் பூட்டிக்கொள்ளாமலும், வேகமெடுக்கையில் வழுக்காமலும் காக்கும் உதவிகள்) 'ஃபேக்டரி' என்று வைத்தால் அசல் காரில் இருந்தால்தான் கிடைக்கும். கன்ட்ரோலர்காரர்களுக்காக இரண்டையும் 'எல்லோருக்கும் அனுமதி' என்று மாற்றுங்கள். ஆட்டோ கிளட்சுக்கும் அனுமதி கொடுங்கள். கிளம்பும் முன் டயரைச் சூடாக்கும் டயர் போர்வையை அனுமதித்தால் முதல் லேப்பில் குளிர்ந்த டயரில் சுழல்வது குறையும். சேதத்தை 20 அல்லது 30 சதவீதம் வையுங்கள். 0 வைத்தால் முன்னால் போகிறவரின் பம்பரையே பிரேக்காகப் பயன்படுத்துவார்கள், 100 வைத்தால் ஒரு உரசலோடு சிலருக்கு ராத்திரி முடிந்துவிடும். தொடக்க விதியில் விளக்கு அணையும்வரை கார் நகராதபடி பூட்டும் தேர்வை எடுங்கள். அவசரப்பட்டுக் கிளம்பியவருக்கு டிரைவ் த்ரூ (பிட் பாதை வழியாக மெதுவாகப் போய்வரும்) தண்டனை என்பது லீக்காரர்களுக்கு.

யாரும் கவனிக்காத ஒரு எண் உண்டு: முதல் ஆள் முடித்த பிறகு மற்றவர்களுக்காக சர்வர் எத்தனை விநாடி காத்திருக்க வேண்டும் என்பது. மாதிரி அமைப்பில் 60 இருக்கும். லேப்புக்கு 100 விநாடி ஆகும் ட்ராக்கில் கடைசி ஆள் பாதி வழியில் இருக்கும்போதே செஷன் மூடிவிடும். அவர் முடிக்காதவர் என்று பதிவாகும், சண்டை வரும். மெதுவான ஆளின் ஒரு லேப் நேரத்தோடு 30 சேர்த்துப் போடுங்கள். அதேபோல, கார் இடங்களை ஆட்களைவிட இரண்டு கூடுதலாக வையுங்கள். தொடர்பு அறுந்தவரின் பழைய இடம் உடனே காலியாகாமல் போனால் உள்ளே வர இன்னொரு இடம் வேண்டும். ஆனால் ட்ராக்கில் இருக்கும் பிட் பாக்ஸ் (ஒவ்வொரு காரும் நிற்கும் இடம்) எண்ணிக்கையைத் தாண்டாதீர்கள். ரேஸ் செஷனையும் திறந்தே வையுங்கள், மூடினால் அறுந்தவர் திரும்பி வர முடியாது.

மோட் கார், மோட் ட்ராக் (ரசிகர்கள் செய்து வெளியிடுபவை) ஆசை வரும். டெல்லிக்கு அருகில் இருக்கும் புத்த் சர்க்கிட்டுக்கே மோட் உண்டு. போடுவதானால் வாரத்துக்கு ஒன்றுதான், அதுவும் ஒருவர் இறக்கிய அதே ஜிப் கோப்பைத்தான் எல்லோரும் போட வேண்டும். ஆளாளுக்கு இணையத்தில் தேடி இறக்கினால் பதிப்பு மாறும். காரின் டேட்டா கோப்பும் ட்ராக்கின் தரைக் கோப்பும் சர்வரில் இருப்பதோடு அச்சு அசலாகப் பொருந்தவில்லை என்றால், செக்சம் தவறு என்று சொல்லி உள்ளே வந்தவரையே வெளியே தள்ளும். அதனால்தான் சர்வரை வியாழக்கிழமையே ஓடவிட வேண்டும் என்கிறேன். ஒவ்வொருவரும் தங்களுக்குத் தோதான நேரத்தில் நுழைந்து ஒரு லேப் ஓட்டி, ஸ்கிரீன்ஷாட்டைக் குழுவில் போடட்டும். சனிக்கிழமை எட்டரை மணிக்கு யாரும் ஒரு கோப்பைக்கூட இறக்கிக்கொண்டிருக்கக் கூடாது.

நேரம்: இந்தியாவில் 8.30 என்றால் துபாயில் 7 மணி, சிங்கப்பூரில் 11 மணி. இதற்குமேல் தள்ளினால் சிங்கப்பூர்க்காரர் இரண்டு வாரத்தில் நின்றுவிடுவார். 15 நிமிடம் பிராக்டிஸ், 10 நிமிடம் குவாலிஃபை (யார் எங்கே நின்று கிளம்புவது என்று முடிவாகும் சுற்று), 15 நிமிட ரேஸ், பிறகு முதல் ரேஸின் முடிவைத் தலைகீழாக்கி இன்னொரு 15 நிமிடம். தலைகீழ் கிரிட்டுக்கான (தொடக்க வரிசைக்கான) எண்ணில் -1 போட்டால் முழு வரிசையும் திரும்பும், 0 போட்டால் இரண்டாவது ரேஸே இருக்காது. லேப் எண்ணிக்கையை 0 ஆக்கினால்தான் நேரக்கணக்கில் ஓடும். எல்லாம் சேர்த்து சுமார் ஒரு மணி நேரத்தில் முடியும். அரை மணி நேர ஒற்றை ரேஸைவிட இது மேல். முதல் லேப்பில் அடிபட்டவருக்கு அதே ராத்திரியில் இன்னொரு வாய்ப்பு இருக்கிறது.

முதல் வளைவுக்கு இரண்டே விதி போதும். பிராக்டிஸில் பிரேக் பிடித்த இடத்துக்கு 30 மீட்டர் முன்பே பிடிக்க வேண்டும். கிரிட்டில் எந்தப் பக்கம் நின்றீர்களோ அந்தப் பக்கத்திலேயே வளைவைத் தாண்ட வேண்டும். மற்றபடி, பின்னாலிருந்து இடித்தவர் நின்று இடத்தைத் திருப்பித் தர வேண்டும். சுழன்றவர் பிரேக்கை அழுத்திப் பிடித்தபடி இருக்க வேண்டும். கார் உருண்டுகொண்டிருந்தால் வருகிறவருக்கு எந்தப் பக்கம் ஒதுங்குவது என்று தெரியாது.

வேண்டுமென்றே இடிக்காமலும் இடி விழும், காரணம் பிங், அதாவது தகவல் சர்வருக்குப் போய்த் திரும்ப ஆகும் மில்லிவிநாடி. உங்கள் பிங் 120, நண்பருடையது 80 என்றால், உங்கள் கார் இருக்கும் இடம் அவர் திரைக்குப் போய்ச் சேர சுமார் 100 மில்லிவிநாடி ஆகும். மணிக்கு 180 கிலோமீட்டரில் அதற்குள் கார் 5 மீட்டர், அதாவது ஒரு காரின் நீளத்துக்கும் மேல் நகர்ந்திருக்கும். இடைப்பட்ட இடத்தை கேம் ஊகித்து வரைகிறது. நேர்ச்சாலையில் அந்த ஊகம் சரியாக இருக்கும், பிரேக் பிடிக்கும் கணத்தில் பிசகும். அதனால்தான் "நான் தொடவே இல்லை" என்று இருவரும் சத்தியம் செய்வார்கள், அவரவர் திரையில் இருவர் சொல்வதும் உண்மையாக இருக்கும். பிரேக்கிங்கில் ஒரு கார் இடைவெளி விடச் சொல்லுங்கள். பிங் அதிகமாக இருந்தாலும் நிலையாக இருந்தால் சமாளிக்கலாம். 60-க்கும் 250-க்கும் இடையில் குதிப்பதுதான் ஆபத்து, அதற்குக் காரணம் பெரும்பாலும் வைஃபை. பத்து மீட்டர் லேன் கேபிள் வாங்கிப் போட்டால் தீரும்.

திறமை வித்தியாசத்தைச் சமன்செய்ய, வெல்பவரின் காரில் கூடுதல் எடை ஏற்றுங்கள். வென்றவருக்கு அடுத்த வாரம் 15 கிலோ, இரண்டாமவருக்கு 10, மூன்றாமவருக்கு 5, உச்ச வரம்பு 60. மேடை ஏறாத வாரத்தில் 10 கழியும். அட்மின் கடவுச்சொல்லோடு நுழைந்தவர் சாட்டிலிருந்தே ஒவ்வொரு காருக்கும் இதை ஏற்றலாம், அடுத்த செஷனுக்கும் தாவலாம். அந்தக் கடவுச்சொல்லை இருவரிடம் கொடுத்து வையுங்கள், ஒருவர் வராத வாரமும் உண்டு.

பேச்சு டிஸ்கார்ட் செயலியில், புஷ் டு டாக் (பட்டனை அழுத்தினால்தான் மைக் திறக்கும்) கட்டாயம். திறந்த மைக்கில் பெடல் சத்தமும் ஃபேன் சத்தமும் எட்டுப் பேர் காதிலும் விழும். கேமை அட்மினாக ஓட்டினால் டிஸ்கார்டையும் அட்மினாகத்தான் திறக்க வேண்டும், இல்லாவிட்டால் பட்டன் வேலை செய்யாது. பக்கத்தில் கார் இருப்பதைச் சொல்ல க்ரூ சீஃப் என்ற இலவச மென்பொருள் இருக்கிறது, ஒற்றைத் திரையில் ஓட்டுபவர்கள் அவசியம் போட்டுக்கொள்ளட்டும்.

முடிவுகளை சர்வரே ரிசல்ட்ஸ் ஃபோல்டரில் சேமித்துவிடும், யாரும் குறித்துவைக்க வேண்டியதில்லை. அடுத்த வார ட்ராக்கை கடைசியாக வந்தவர் தேர்ந்தெடுக்கட்டும். ஞாயிற்றுக்கிழமைக்குள் சொல்லிவிட வேண்டும், அப்போதுதான் வியாழக்கிழமை சர்வர் தயாராக இருக்கும்.